கைய எறக்குலே

முருகேஷ்பாளையா, பெங்களூரு
10 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் நலம். போனில் பேசினால் பத்து நிமிஷத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதனால் பழையபடி தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி உங்கம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பக்கம் மாறி வந்தால் நீயே அடுக்கிப் படித்துக்கொள்.

போன வாரம் நீ சொன்னது மனசில் கிடந்து உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அமெரிக்கக் கோஸ்ட் கார்டில் (கடலோரக் காவல் படையில்) ஹெலிகாப்டர் ஓட்டியவராமே. அவருடைய பழைய கூட்டாளிகள் சாப்பிடும் இடத்துக்கு உன்னையும் கூட்டிப் போனாராம். "உன் அப்பாவும் கோஸ்ட் கார்டுதானே, என்ன செய்தார்?" என்று கேட்டதற்கு நீ "மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு முழித்தாயாம். மெக்கானிக் என்றது தப்பில்லை. யாந்திரிக்காக, அதாவது ஆபீசருக்குக் கீழே எஞ்சின் வேலை பார்ப்பவனாக, சேர்ந்தவன்தான் நான். அதற்கு மேல் சொல்ல உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அது என் குற்றம். குஜராத் பக்கத்துத் தமனில் வேலை பார்த்த நாளில் வீட்டுக்கு வந்தால் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். கடலில் நடந்ததைக் கடலோடு விட்டுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

நீ இருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை, தெரியுமா? (ஊருக்கே மொபைல் என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று உங்கம்மா இன்னும் சிரிக்கிறாள்.) உனக்கு அது ஏர்பஸ் ஆலை இருக்கும் ஊர். அமெரிக்கக் கோஸ்ட் கார்டின் விமானிகளுக்கோ அதுதான் பயிற்சி ஊர். அதனால்தான் அங்கே தெருவுக்கு ஒரு பழைய பைலட் இருக்கிறார். அவர்கள் சங்கத்துக்குத் தெரோடாக்டைல் என்று பேர் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டைனோசர் காலத்தில் பறந்து, அழிந்தே போன ஜந்து. தங்களையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள். அந்தச் சங்கம் தொடங்கியது 1977இல். நம் படை தற்காலிக ஏற்பாடாக முளைத்ததும் அதே 1977, பிப்ரவரி 1. பணியில் இருப்பவர்களில் விங்ஸ் (விமானி முத்திரை) வாங்கி அதிக நாளானவருக்கு அங்கே 'ஏன்ஷியன்ட் ஆல்பட்ராஸ்' என்று ஒரு பட்டம் உண்டு. பழங்காலத்துத் தோல் கோட்டும் கண்ணாடியும் மாட்டிவிட்டு அதைக் கொடுப்பார்கள்.

எங்கள் கூட்டத்துக்குப் பேர் கிடையாது. 'செகண்ட் சண்டே', அவ்வளவுதான். ஒவ்வொரு மாசமும் இரண்டாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஒரு டிபன் கடை. பத்து பேர் வருவோம், சில மாசம் ஆறு. பெங்களூரில் எங்களுக்கு என்ன வேலை என்று நீ கேட்கலாம். எங்கள் ஹெலிகாப்டர்களில் சேத்தக் செய்தது இங்கே, துருவ் செய்வதும் இங்கே. சர்வீஸில் இருக்கும்போது பயிற்சி என்றும் டெலிவரி என்றும் அவற்றைச் செய்யும் எச்ஏஎல் ஆலைக்கு வந்து வந்து ஊர் பழகிவிடும். ரிட்டயர் ஆனதும் கால் தானாக இங்கே வந்து நின்றுவிடுகிறது. எங்கள் ரோந்து விமானமான டோர்னியர் கான்பூரில் செய்வது, ஆனாலும் டோர்னியர்காரர்களும் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குளிருக்கு என்கிறார்கள்.

என்ன பேசுவீர்கள் என்பாய். முக்கால்வாசி முட்டி வலி, நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிஃபிகேட், யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு ஸ்டென்ட். டோர்னியர்காரர் ஒருவர் மட்டும் 1999 நவம்பரைத் தவறாமல் எடுப்பார். கடற்கொள்ளையர் பிடித்துப்போன ஜப்பான்காரர் கப்பல் 'அலோண்ட்ரா ரெயின்போ', பேரை 'மெகா ராமா' என்று மாற்றி அரபிக்கடலில் நழுவியதை நம் டோர்னியர் வானத்திலிருந்து பார்த்துப் பின்தொடர, 'தாராபாய்' கப்பலும் கடற்படையும் சேர்ந்து மடக்கிய கதை. அவர் அந்த விமானத்தில் இல்லவே இல்லை. இருந்த மாதிரியே சொல்வார். நாங்களும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்போம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ரிட்டயர் ஆன பிறகும் ஆபீசர்கள் தனி, நாங்கள் தனி. ஹெலிகாப்டரில் பறந்தவர்களுக்குள் அந்தக் கோடு கொஞ்சம் அழிந்திருக்கும். ஆபீசர் தோசையைப் பிய்த்து என் தட்டில் வைப்பார். ஆனாலும் அவர் உட்காராமல் நான் உட்கார்ந்ததில்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், உடம்பு கேட்காது.

கோடு ஏன் அழிந்தது என்றால், பைலட்டுக்குத் தன் காலுக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. இதுதான் நீ அந்தப் பெரியவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.

1982இல் கோவாவில் சேத்தக்குகளோடு நம் முதல் விமான அணி தொடங்கியது. நான் டிப்ளமா முடித்துச் சேர்ந்தது அடுத்த வருஷம். சில்காவில் பயிற்சி, பிறகு எஞ்சின் வேலை. கொஞ்ச வருஷம் கழித்து விஞ்ச், அதாவது ஹெலிகாப்டரிலிருந்து வயரை இறக்கி ஆளைத் தூக்கும் கருவி, அதன் பயிற்சிக்குப் போகிறாயா என்றார்கள். போனேன். விஞ்ச் ஆபரேட்டர் என்றால் கதவைத் திறந்து, இடுப்பில் பெல்ட்டோடு வெளியே எட்டிக் குனிந்து, ஒரு கையில் ஸ்விட்ச், இன்னொரு கையில் உறை போட்டு வயரைத் தடவிக்கொண்டே நிற்பவன். வயர் ஆடுகிறதா, இழுக்கிறதா, தொய்கிறதா என்பது கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். பைலட்டுக்கு நாம்தான் கண். "ஃபார்வர்ட் டென்… ஃபைவ்… த்ரீ… ஸ்டெடி" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பேர் பேட்டர். மூன்று நொடி பேசாவிட்டால் பைலட்டுக்குக் கண் போன மாதிரி. கடல்மேல் நிற்பது தரைமேல் நிற்பது போல் இல்லை. கீழே அலை நகரும், விசிறிக் காற்றில் தண்ணீர் புகையாக எழும், நிற்கிற ஹெலிகாப்டரே பின்னால் போகிற மாதிரி இருக்கும். அப்போது பைலட் நம்புவது மானியையும் காதில் கேட்கும் நம் குரலையும்தான்.

இன்னொன்று. ஹூக்கை நேராக ஆள் கையில் கொடுக்கவே கூடாது. காற்றில் சுற்றும் விசிறியால் ஹெலிகாப்டர் உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கும். ஹூக் முதலில் தண்ணீரையோ தளத்தையோ தொட்டு அதை இறக்கிவிட வேண்டும். நான் பழகிய புதிதில், ஒரு கப்பல் தளத்தில் நின்றவன் அவசரத்தில் ஹூக் கீழே படும் முன்பே எட்டிப் பிடித்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்ததும் என்னைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

சரி, கதைக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு ஒரு மராத்திக்கார சார் வருவாரே, ஆறடி உயரம், உனக்குப் பென்சில் பாக்ஸ் வாங்கித் தந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கைய எறக்குலே!" என்று கத்துவார். ஏதோ திட்டு என்று நினைத்து நீ அடுப்படியில் போய் ஒளிந்துகொள்வாய். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். அது என்னிடமிருந்து போனது.

நீ பிறப்பதற்கு முந்தின ஆடி மாசம். தமனுக்கு மேற்கே ஒரு சின்ன சரக்குத் தோணி எஞ்சின் நின்று, பாதி முழுகிக் கிடந்தது. ஐந்து பேர். நாலு பேரை ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே போட்டாயிற்று. கடைசியில் சமையல்காரப் பையன், பதினாறு வயசு இருக்கும். மீட்புப் பட்டையைச் சரியாகத்தான் அக்குளுக்கடியில் மாட்டியிருந்தான். பாதி உயரம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

பட்டையில் தொங்குகிறவன் கையைத் தூக்கினால் தோள் சுருங்கும், பட்டை வழுவி மேலே போகும், ஆள் கீழே போவான். பட்டை அவன் காது வரை ஏறுவதைப் பார்த்தேன். அவனுக்குக் குஜராத்தியோ தெலுங்கோ, என்ன மொழி என்று இன்றுவரை தெரியாது. எனக்கு வந்தது தூத்துக்குடித் தமிழ்தான். "கைய எறக்குலே! எறக்குலே சவத்த மூதி!" விசிறிச் சத்தத்தில் அவன் காதில் அது விழுந்திருக்கவே விழுந்திருக்காது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து கையை இறக்கினான். என் மைக் திறந்திருந்ததால் சார் காதில் மட்டும் முழுசாக விழுந்தது. தரை இறங்கி எஞ்சினை அணைத்த பிறகு திரும்பி என்னிடம் கேட்டார்: "வாட் இஸ் எறக்குலே? நியூ பேட்டர்?" சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு ஸ்கிட்டைப் பிடித்துக்கொண்டு... இல்லை, சேத்தக்குக்குச் சக்கரம்தான், அதன் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நானும்தான்.

இப்போது அவர் யெலகங்காவில் மகள் வீட்டில் இருக்கிறார். கை நடுக்கம் அதிகமாகி ஆறு மாசமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, டிபன் கடையை விட்டு நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். தேதியும் அப்படி அமைந்துவிட்டது, ஜூன் 8.

அந்தத் தேதி உனக்கும் தெரிந்ததுதான், தெரியாமல். 2015 ஜூன் 8. நீ புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மாசமாக அப்பா போனில் சரியாகவே பேசுவதில்லை என்று உங்கம்மாவிடம் கோபப்பட்டாய். அன்று மாலை சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய நம் டோர்னியர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சிதம்பரத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில் காணாமல் போனது. அதில் மூன்று பிள்ளைகள். ஒரு மாசத்துக்கும் மேல் தேடினார்கள். கடற்படையின் நீர்மூழ்கி 'சிந்துத்வஜ்' விமானத்தின் இருப்பிடக் கருவி எழுப்பிய ஒலியைப் பிடித்தது, விமானம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நான் அப்போது சென்னையில். ஹேங்கரில் அந்த விமானம் நிற்கும் இடத்தை யாரும் நிரப்பவில்லை, மற்ற விமானத்தை அங்கே நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இதைப் போனில் உன்னிடம் எப்படிச் சொல்ல?

இப்போது மனசில் அந்த இடத்தில் குஜராத்தின் போர்பந்தர் வந்து நிற்கிறது. போன செப்டம்பர் 2ஆம் தேதி ராத்திரி, ஒரு டேங்கர் கப்பலில் காயம்பட்டவனைத் தூக்கப் போன துருவ் கடலில் விழுந்தது. நாலு பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். ஒருவர் உடல் கிடைக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. ஜனவரி 5இல் அதே ஊர் ஓடுதளத்தில் இன்னொரு துருவ் விழுந்தது, மூன்று பேர் போனார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்கத் துருவை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் இங்கே நடந்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியிலும் அது பறக்கவில்லை. காரணம் பற்றிக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதில்லை, விசாரிப்பவர்கள் சொல்லட்டும்.

சர்வீஸில் இருக்கும் ஒரு ராமநாதபுரத்துப் பையனும் இந்தத் தடவை எங்களோடு வந்தான், இங்கே பயிற்சியில் இருக்கிறான். போர்பந்தரில் போனவர்களில் ஒருவர் அவனோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர். யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சார் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன மாசம் கொச்சிக்கு வெளியே 'எம்எஸ்சி எல்சா 3' கப்பல் சாய்ந்தபோது நம் டோர்னியர் எப்படி உயிர்காப்பு ராஃப்ட்டுகளை (மிதவைகளை) போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த உயரம், காற்று எந்தப் பக்கம், ராஃப்ட் கப்பலுக்கு எவ்வளவு தூரத்தில் விழுந்தது. பையன் டோர்னியர்காரன் இல்லை. தெரிந்த வரை சொன்னான், தெரியாததை டோர்னியர்காரர்கள் அவனுக்காகச் சண்டை போட்டுச் சொன்னார்கள். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். இருபத்து நாலு பேரும் உயிரோடு வந்தார்கள் என்பதை அவனே கடைசியில் சொன்னான். (நேற்றைக்குக் கேரளக் கடலில் இன்னொரு கப்பல் தீப்பிடித்து எரிகிறது. பையன்களுக்கு ஓய்வே இல்லை.)

கிளம்பும்போது சார் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கை நெஞ்சு உயரத்தில் நிற்காமல் ஆடி ஆடி மேலே போனது. நான் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்த ராமநாதபுரத்துப் பையன்தான், கதையைக் காலையில்தான் கேட்டவன், "கைய எறக்குங்க சார்" என்றான். மரியாதையாக, 'ங்க' போட்டு. சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் அவர் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த தடவை அந்தப் பெரியவர்களைப் பார்க்கும்போது, என் அப்பா விஞ்ச் ஆபரேட்டர் என்று சொல். அவர்கள் படையைச் சேர்ந்த எரிக்சன் என்பவர் 1944 ஜனவரி 3இல், கப்பல் வெடித்துக் காயம்பட்டவர்களுக்குப் பனிப்புயலில் ஹெலிகாப்டரில் ரத்தப் பிளாஸ்மா கொண்டுபோனவர். வயர் போட்டு ஆளைத் தூக்கும் வேலைக்கு அங்கே வழி போட்டவரும் அவர்தான். எங்களுக்குப் பாடத்திலேயே அவர் பேர் வந்தது என்று சொல். பிறகு கேள்: பட்டையில் தொங்கிக்கொண்டு அவர்களை யாராவது கும்பிட்டிருக்கிறார்களா? அங்கே கும்பிட மாட்டார்கள், கையசைப்பார்களாக இருக்கும். அப்போது இவர்கள் என்ன சொல்லிக் கத்துவார்கள்? அதை அப்படியே எழுதி அனுப்பு. அடுத்த செகண்ட் சண்டே ஜூலை 13, அதற்குள் வந்தால் சாரிடம் வாசித்துக் காட்டுவேன்.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசி. மாவடு ஊறுகாய் பார்சல் போட்டாயிற்று. மூடியை இறுக்கவில்லை என்று உங்கம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், நான் இறுக்கினேன்.

அன்புடன்,
அப்பா