தோப்பில் வைத்த ஆன்டெனா ட்யூனர் பழுது, சேவை மையங்களின் அலைக்கழிப்பு: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

வணக்கம். நான் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம். ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தமாக்கும் உங்கள் தானியங்கி ட்யூனரை கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்புக் கடைசியில், ஆன்டெனா கம்பியின் அடியிலேயே பொருத்தியிருக்கிறேன். அறையில் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ட்யூனர் ட்யூன் ஆவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து 14-க்கு மாறினால் ரிலேக்கள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கின்றன. எஸ்.டபிள்யூ.ஆர் (பொருத்தமின்மையின் அளவு) 3-க்குக் கீழே இறங்குவதில்லை, ரிக் (என் ரேடியோ) தானாகப் பவரைக் குறைத்துவிடுகிறது. கோஆக்சியல் கேபிளின் தோப்பு முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் ஒழுங்காக வருகிறது. பழுது ட்யூனர் பெட்டிக்குள்தான்.

இதைத் தொலைபேசியில் சொன்னால் உங்கள் ஆள், "முன்னாடி இருக்கிற ட்யூன் பட்டனை அழுத்துங்க" என்கிறார். தோப்பில் இருக்கும் பெட்டியில் ஏது பட்டன்? அதைச் செய்தது நீங்கள்தானே? அப்புறம், "கேபிள் டிவிக்காரரைக் கூப்பிடுங்க. வாட்ஸ்அப் காலத்துல இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சிரித்தார். 2018 வெள்ளத்தில் இதே கேரளாவில் செல்போன் செத்துக் கிடந்த இடங்களுக்குச் செய்தி கொண்டுபோனது ஹாம்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

கோயம்புத்தூர் எங்களுக்குப் பக்கம். ஆனால் பின்கோடு கேரளா என்பதால் கொச்சிக்கு நேரில் வரச் சொன்னீர்கள். பெட்டியைக் கழற்றி, பாலக்காடு போய் ரயில் பிடித்துக் கொண்டுபோனேன். "இங்கே பொருள் வாங்குவதில்லை, கூரியரில் அனுப்புங்க" என்றார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டால், கோயம்புத்தூர்!

கோயம்புத்தூர்க்காரர்களோ, பதிலுக்கு அறைக்குள் வைக்கும் ட்யூனர் ஒன்றைத் தருகிறோம் என்கிறார்கள். மரியாதையாகப் பேசினார்கள், அதற்கு நன்றி. ஆனால் அது எனக்கு எதற்கு? ட்யூனரை அறையில் வைத்தால் ரிக்குக்கு எல்லாம் சரியாகத் தெரியும், பொருத்தமின்மை மட்டும் கேபிளில் அப்படியே நிற்கும். தோப்பு நீளத்துக்கும் பவர் சூடாகிப் போகும். அதைத் தவிர்க்கத்தானே தூரத்தில் வைக்கும் ட்யூனரை இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன்? பில், உத்தரவாத அட்டை இரண்டையும் மின்னஞ்சலில் பலமுறை அனுப்பிவிட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்கிறார்கள்.

இந்த வருடமே எனக்கு வீணாய்ப் போயிற்று. ஹாம்கள் வானொலியில் கூடிப் பேசும் காலை நெட்டில் என் குரல் கேட்டு எத்தனை காலம்! நண்பர்கள் நான் இல்லாமலே போய்விட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் வீட்டிலிருந்தே பெட்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து தாருங்கள், அல்லது இதே வகையில் புதியது கொடுங்கள். கொச்சி போய்வந்த செலவையும் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காடு ஆணையத்துக்கு வரவேண்டியது நீங்கள்தான். அதற்கு முன், அந்தத் தொலைபேசி ஊழியர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை