சனிக்கிழமை வகுப்பு: ஆப்பிள் மம்மி, களிமண் ஜாடி

பெற்றோர்களுக்கு வணக்கம். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆப்பிள் துண்டை மம்மி ஆக்கப் போகிறார்கள்.

பண்டைய எகிப்தியர்கள் நேட்ரான் என்ற இயற்கை உப்பால் உடலைச் சுமார் 40 நாள் மூடி வைத்து ஈரத்தை வற்ற வைத்தார்கள். எண்ணெய் பூசி, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். நாம் தூள் உப்பையும் சமையல் சோடாவையும் சரிபாதி கலந்துகொள்வோம். துண்டை எடை போட்டு, டம்ளரில் அந்தக் கலவைக்குள் முழுசாகப் புதைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். ஒரு வாரம் ஈரம் படாத இடத்தில் மூடாமல் வையுங்கள். வெளியே எடுக்கும்போது பழுப்பாகி, தோல்போலச் சுருங்கி, எடை குறைந்திருக்கும். யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் களிமண்ணில் நான்கு ஜாடிகள். உடலிலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை எகிப்தியர்கள் இப்படிப்பட்ட ஜாடிகளில்தான் வைத்தார்கள். கல்லீரலுக்கு மனிதத் தலை மூடி, நுரையீரலுக்குப் பபூன் குரங்கு, வயிற்றுக்கு நரி, குடலுக்கு வல்லூறு. இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவிடுவார்கள். மறுமையில் அதைத் தராசில் ஓர் இறகுக்கு எதிரே நிறுப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மூளையை மூக்கு வழியாக எடுத்ததைப் பற்றியும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

நேரம் இருந்தால் உஷப்தி பொம்மையும் செய்வோம். மறுமையில் இறந்தவருக்காக வயல் வேலை பார்க்க வேண்டிய பொம்மைகள் இவை. எகிப்திய மன்னர் துட்டன்காமூன் கல்லறையில் 413 கிடைத்தன.

ஒரு ஆப்பிள், பெரிய காகித டம்ளர், பழைய வேட்டித் துணி கொடுத்தனுப்புங்கள். மற்றவை என்னிடம் உள்ளன. வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்குப் பொம்மை வேலையை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.