கலபார் அவரையும் அக்காவின் இமையும்

அன்புள்ள முரளி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய். திட்டிவிட்டு மேலே படி. எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. அக்காவுக்கு மயஸ்தீனியா கிரேவிஸ், தசைகள் சோர்ந்துபோகும் நோய்.

காலையில் நன்றாகத்தான் இருப்பாள். சாயங்காலமானால் இடது இமை பாதிக்குச் சரிந்துவிடும். பிறகு மெல்லும்போது தாடையும் சோர ஆரம்பித்தது. நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கும் ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறதாம். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் இருக்கும், இமையில் லேசாக ஒரு துடிப்பு. அப்புறம் கருவிழி முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்டா.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். இந்த மாத்திரையின் பாட்டன் ஒரு விஷக்கொட்டை! இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எஃபிக் மக்கள் அந்த அவரையைக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. 1855-இல் எடின்பரோவில் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் தானே அதைத் தின்று பார்த்தார். உடம்பு தளர்ந்ததும் சவரம் செய்த தண்ணீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார். நம் செல்வத்துக்கு மூத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், பார்.

அந்த அவரையிலுள்ள சரக்குதான் ஃபைசோஸ்டிக்மின். நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுவரும் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைத்துப்போட ஒரு நொதி உண்டு. ஃபைசோஸ்டிக்மின் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்ச நேரம் தங்கி, மிச்சமிருக்கிற ஏற்பிகளைத் திரும்பத் திரும்பத் தூண்டும். அளவு மிஞ்சினால் அதே வேலை மூச்சுத் தசையை முடக்கி ஆளையே கொன்றுவிடும்.

1934-இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற உதவி டாக்டர், இந்த நோய், தசைகளை முடக்கும் க்யூராரே என்ற அம்பு விஷம் ஏறியது போலவே இருக்கிறதே, அதற்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். கொடுத்தார், இமை எழுந்தது. பெரிய பேராசிரியர்கள் யாருக்கும் தோன்றவில்லை!

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். "அப்போ நான் நிரபராதிதானே?" என்றாள்.

சிரிப்பெல்லாம் சரி. மாத்திரை நோயைத் தீர்ப்பதில்லை. சில மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடும், வயிறு வேறு பிசைகிறது. அடுத்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற, எதிர்ப்பு சக்தியோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவளிடம் இதைக் காட்டிக்கொள்ளவில்லை. உன் மைத்துனி நரம்பியல்தானே? தைமஸை எடுத்துவிட்டால் எவ்வளவு பலன் இருக்கும் என்று விசாரித்து உடனே எழுது. உன் கையெழுத்தில் வேண்டாம், டைப் அடித்து அனுப்பு.

அன்புடன்,
ரவி