பால்மரக் காட்டில் எங்கள் நாடகத்தைத் திருத்தியவர்களுக்கு

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு வணக்கம்.

நாடகத் தொடரின் கடைசிப் பகுதியும் படத்தொகுப்பு முடிந்து போய்விட்டது. முடிவில் ஓடும் நன்றிப் பட்டியலை யாரும் படித்து முடிக்க முடியாது. ஆகவே இந்த மடல்.

முதலில் பால்மரம் வெட்டும் அக்காமார்களுக்கு. நாங்கள் எழுதிக் கொண்டுவந்த வசனத்தாளில் நாயகி காலை எட்டு மணிக்கு வெட்டுக்குக் கிளம்பினாள். "எட்டு மணிக்குப் பாதி நெரை (மர வரிசை) முடிஞ்சிருக்கும்லா" என்றீர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே தலைவிளக்கோடு வெட்டு, பத்து மணிக்குமேல் பால் எடுப்பு. ஆறு காட்சிகளுக்கு நேரம் மாற்றி எழுதினோம்.

அதைவிடப் பெரிய தலைவலி ரீடேக். பட்டையை ஒருமுறை சீவிப் பால் இறங்கிவிட்டால் அந்த முதல் வெள்ளைக் கசிவு அன்றைக்கு அதே மரத்தில் மறுபடி கிடைக்காது. திரும்பச் சீவினால் பட்டை வீண். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்கே காயம். ஆகவே டேக் ஒன்றுக்கு மரம் ஒன்று. ஒரே பருமன், வெட்டுக்கோடு ஒரே உயரம் என்று ஏழு மரங்களைப் பார்த்து முதல் நாளே துணி கட்டி வைத்தீர்கள். ஆறாவது மரத்தில் காட்சி தேறியது. நெருக்கத்தில் தெரியும் கை நாயகியுடையது அல்ல; யாருடையது என்று தோட்டத்துக்கே தெரியும்.

பால் பட்ட துணி கறுத்துப்போகும், எத்தனை முறை துவைத்தாலும் கறை போகாது என்று எச்சரித்து, ஒரே மாதிரி மூன்று சட்டை தைக்கச் சொன்னதும் நீங்கள்தான். மூன்றும் தேவைப்பட்டன.

வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கிராணி (கணக்கர்) எங்கே நிற்பார், தண்டல் (மேற்பார்வையாளர்) எந்தப் பக்கம், பேர் கூப்பிட்டால் என்ன பதில் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டிய ஓய்வுபெற்ற கிராணி ஐயாவுக்கும் நன்றி.

லயத்துப் (தோட்டக் குடியிருப்புப்) பாட்டிமார்களுக்குப் பட்ட கடன் வேறு வகை. அமெரிக்காவில் தொடர் நாடகங்களுக்கு வழி போட்டவர்களில் ஒருவரான இர்னா பிலிப்ஸ், ஒவ்வொரு பாத்திரமாகப் பேசிக் காட்டுவார், செயலாளர் எழுதிக்கொள்வார். 1937இல் வானொலியில் அவர் தொடங்கிய தொடர் ஒன்று 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 வரை ஓடியது. நாங்களும் அப்படித்தான் வாய்விட்டுப் பேசிப் பேசி எழுதினோம். ஆனால் எங்கள் வாயில் வந்ததோ சென்னைத் தொடர்களின் தமிழ்! "டிபன் சாப்டியா" என்பதை "பசியாறிட்டியா" என்றும், "பைக்" என்பதை "மோட்டர்" என்றும் திருத்தினீர்கள். பழைய காலத்துக் காட்சியில் பணத்துக்கு "ரிங்கிட்" எதற்கு, "வெள்ளி" என்று சொல் என்று ஒரு பாட்டி அதட்டியதில் பகுதி நான்கை முழுதாக மறுபடி ஒலிப்பதிவு செய்தோம். அதட்டியது நியாயம்தான்.

மளிகைக் கடை அண்ணனுக்கு: ஒலிவாங்கிக்கு மழையைவிடப் பெரிய எதிரி குளிர்பெட்டியின் ரீங்காரம். ஒவ்வொரு டேக்குக்கும் அதை அணைத்தீர்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க எங்கள் வேன் சாவியை உள்ளே வைப்பது வழக்கம்; சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா? இருந்தும் ஒருநாள் ஐஸ்கிரீம் உருகியது. காசு வாங்க மறுத்துவிட்டீர்கள்.

மாலை மழையில் தகரக்கூரை சத்தம் போட்டால் வசனம் எடுக்க வழியில்லை. அந்த நேரங்களில் பேச்சில்லாக் காட்சிகளுக்கு ஆலய மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகத்தினருக்கும் நன்றி.

இரவல் வாங்கிய காண்டாக் கம்பும் (வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு) இரண்டு வாளிகளும் அடுத்த சனிக்கிழமை வந்து சேரும். பால் பிடிக்கும் மங்குகளில் நான்கு உடைந்துவிட்டன. புதியவை வாங்கியாயிற்று.

இப்படிக்கு,
கதைவசன, தயாரிப்புக் குழுவினர்