பாதிச் செலவு அரசுடையது என்றால் தகவல் மக்களுடையது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கனிமம் தேடும் தனியார் நிறுவனங்களுக்கு அரசு பாதிச் செலவைத் திருப்பித் தருவது மக்கள் பணத்தை வாரி இறைக்கும் வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கர்நாடகம், ஆந்திரம், ஜார்க்கண்ட் என்று துளையிடும் முகாம்களிலேயே வேலைக்காலத்தைக் கழித்த நிலவியலாளன் நான். இந்த உதவித்தொகை தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதை என்ன நிபந்தனையோடு கொடுக்கிறோம் என்று ஆதரிப்பவர்களும் பேசுவதில்லை, எதிர்ப்பவர்களும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது தேசிய கனிமத் தேடல் அறக்கட்டளை என்று ஒன்றை உருவாக்கினார்கள். சுரங்கக் குத்தகைதாரர்கள் தாங்கள் கட்டும் ராயல்டியில் 2 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கூடுதலாக இதற்குச் செலுத்த வேண்டும். 2025 திருத்தத்தில் அது 3 சதவீதமானது. கட்டுரையில் சொன்னதுபோல இது நேராக நம் வருமான வரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அல்ல. ஆனாலும் நாட்டின் மண்ணிலிருந்து வந்த பணம் என்பதால் பொதுப்பணம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

2023-இல் இன்னொரு திருத்தம் வந்தது. லித்தியம், கோபால்ட், நிக்கல், தாமிரம், தங்கம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்குத் 'தேடல் உரிமம்' என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். உரிமம் பெற்றவர் தேடலாம், தோண்டி விற்க முடியாது. அவர் கண்டுபிடித்த இடம் பின்னால் சுரங்கத்துக்கு ஏலம் போனால், ஏலம் எடுத்தவர் கட்டும் பிரீமியத்தில் ஒரு பங்கு இவருக்குக் கிடைக்கும். அதற்கு முன் ஆகும் தேடல் செலவில் பாதி வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அறக்கட்டளை திருப்பித் தருகிறது.

எதற்குத் தர வேண்டும்? போர்வெல் போட்டு ஏமாந்த விவசாயியைக் கேட்டால் தெரியும். ஆயிரம் அடி போயும் புகைதான் வந்தது என்றால் போட்ட காசு போனதுதான். கனிமத் தேடல் அதைவிட மோசம். பத்து இடத்தில் துளை போட்டால் பத்தும் வெறும் பாறையாக இருப்பது சர்வ சாதாரணம். அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் வங்கியும் கடன் தராது. தரைக்கு மேலே தெரிந்த தாதுக்களையெல்லாம் நம் முன்னோர்களும் வெள்ளைக்காரர்களும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஆழத்தில் மறைந்திருப்பவை. அங்கே சிறிய நிறுவனம் தனியாக இறங்காது.

இதில் நன்றாகச் செயல்பட்ட ஊர் தெற்கு ஆஸ்திரேலியா. 2004-இல் தொடங்கிய 'பேஸ்' என்ற திட்டத்தில் துளையிடும் செலவை அந்த மாநில அரசு பகிர்ந்துகொண்டது. ரூடி கோமஸ் என்பவரின் சிறிய நிறுவனம் அந்த உதவியோடு 2005-இல் டாரன்ஸ் ஏரிக்கு அருகே கராப்பட்டீனா என்ற இடத்தில் துளை போட்டது. தாதுவுக்கு மேலே அரை கிலோமீட்டர் அளவுக்கு வேறு பாறை மூடியிருக்கிறது. மேலே நடந்துபோகிறவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. அந்த மூடாக்கைத் தாண்டியதும் 178 மீட்டர் நீளத்துக்குத் தாதுப்பாறை, சராசரியாக 1.83 சதவீதம் தாமிரம், கூடவே தங்கம். துறையில் இருப்பவர்களுக்கு அந்த எண்களின் கனம் புரியும். ஓஸ் மினரல்ஸ் நிறுவனம் 2011-இல் அதை வாங்கியது. 2019 கடைசியில் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் இடையில் 14 ஆண்டுகள். அரசு உதவி என்றதும் அடுத்த தேர்தலுக்குள் பலனை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவும் 2009 முதல் இப்படிப் பாதிச் செலவு கொடுக்கிறது. 2012-இல் ஃப்ரேசர் மலைத்தொடரில் நோவா நிக்கல் படிவு கிடைத்ததில் அந்த உதவிக்கும் பங்கு உண்டு.

ஆனால் என்னைக் கவர்ந்தது இந்த வெற்றிகள் அல்ல. அங்கே அரசு பணம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குத் தகவலை வாங்கிக்கொள்கிறது. உதவி பெற்ற நிறுவனம் துளையின் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். பாறை உருளைகளை, எங்கள் பேச்சில் 'கோர்', மாநிலக் கோர் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அடிலெய்டின் டான்ஸ்லியில் அப்படி ஒரு நூலகம் இருக்கிறது. லட்சக்கணக்கான மீட்டர் நீளக் கோர், ஆழம் குறித்த தட்டுகளில் அடுக்கடுக்காக இருக்கும். போட்டி நிறுவனத்தின் நிலவியலாளரும் வந்து பார்க்கலாம், கல்லூரி மாணவரும் பார்க்கலாம். ஒன்றும் கிடைக்காத துளையின் கோரும் அங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு நிறுவனத்துக்கு வெற்றுத்துளை நஷ்டம். அடுத்து தேடப் போகிறவருக்கு அது பெரிய உதவி. இந்த இடத்தில் இல்லை, இந்தப் பாறை இந்தப் பக்கம் சரிகிறது என்று அது சொல்லிவிடும். பொதுப்பணம் வீணாகவில்லை என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் கோர் பெட்டிகள் தகரக் கொட்டகையில் கரையான் அரித்து, ஆழம் எழுதிய எழுத்து அழிந்து கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். முந்தைய துளையின் பதிவு கிடைக்காமல் அதே குன்றில் திரும்பவும் துளை போட்டதும் உண்டு. இரண்டு முறையும் செலவு அரசினுடையதுதான். 2023 டிசம்பரில் தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் என்று ஓர் இணையதளத்தைத் திறந்தது நல்ல காரியம். ஆனால் தேடல் அறிக்கையை அரசிடம் தாக்கல் செய்வது வேறு, எவரும் பார்க்கும்படி வெளியிடுவது வேறு. பணம் திருப்பித் தரப்படும் ஒவ்வொரு துளையின் விவரமும், வெற்றுத்துளை உட்பட, ஓராண்டுக்குள் அந்தக் களஞ்சியத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பணம் கிடையாது என்று விதி இருக்க வேண்டும்.

அரைகுறைத் தகவலால் என்ன ஆகும் என்பதற்கு ஜம்மு காஷ்மீரின் ரியாசி லித்தியமே சாட்சி. 2023 பிப்ரவரியில் 59 லட்சம் டன் என்று அறிவித்தார்கள், நாடே கொண்டாடியது. அது தொடக்கநிலை மதிப்பீடு மட்டுமே. ஏலத்துக்கு வந்தபோது போதிய எண்ணிக்கையில் ஏலதாரர்கள் வராமல் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

அப்புறம், ஊர்க்காரர்கள். துளையிடும் ரிக் வந்து நின்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும், லாரி போக வழி வேண்டும். பென்டோனைட் என்ற களிமண் கலந்த சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். வேலை முடிந்ததும் துளையைச் சிமென்டால் அடைக்காமல் போனால் மாடு கன்றுக்கு ஆபத்து, நிலத்தடி நீருக்கும் ஆபத்து. சுரங்கம் வந்த பிறகுதான் மாவட்டக் கனிம நிதி என்று ஊருக்கு ஏதாவது வரும். தேடும் கட்டத்தில் ஒன்றும் வராது, ஒரு வார்த்தை சொல்வதுகூட இல்லை.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியில் ஒன்றிய அரசின் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் (ஜி.எஸ்.ஐ.) 2021 முதல் 2023 வரை ஆய்வு செய்தது. 2024 நவம்பரில் ஏலம் முடிந்து, இந்துஸ்தான் ஜிங்க் பெயர் வெளிவந்த பிறகே மக்களுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமும், சமணப் படுகையும், குடைவரைக் கோயிலும் உள்ள பகுதி அது. சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மேலூர் மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்து சரியான முடிவு. ஆனால் முதல் துளைக்கு முன்பே கிராம சபையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியிருந்தால் அந்தத் தொகுதி ஏலப் பட்டியலுக்கே போயிருக்காது. முழுக்க அரசே செய்த ஆய்விலேயே இந்த நிலை. பாதிப் பணத்தோடு தனியார் வரும்போது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் இது சுலபமாக முடியவில்லை. அதே டாரன்ஸ் ஏரியின் மேல் துளையிட மாநில அரசு கொடுத்த அனுமதியை, அதைப் புனிதமாகக் கருதும் பர்ன்கார்லா மக்கள் வழக்குப் போட்டு 2022-இல் முறியடித்தார்கள். சுரங்கத்துக்கு முந்தைய துளையே மக்களுக்குப் பெரிய விஷயம் என்பதை அந்த வழக்கு காட்டியது.

தேடல் உரிமத்துக்கான முதல் ஏலங்கள் 2025-இல் தொடங்கிவிட்டன. பணம் கைமாறத் தொடங்கும் முன்பே விதிகளைத் திருத்த முடியும். எந்த நிறுவனம், எந்த மாவட்டத்தில், எத்தனை மீட்டர் துளைக்கு, எவ்வளவு தொகை பெறுகிறது, எந்தக் கிராம சபையில் அறிவித்தது என்ற பட்டியலைச் சுரங்க அமைச்சகத்திடம் தங்கள் இதழ் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்று, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்து விளக்க ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியலாளர்,
சேலம்