கணினி அறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு நேரம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியின் ஹைடெக் லேபில் இந்தப் பருவம் முதல் சில மாற்றங்கள் செய்கிறோம். ஏன் செய்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியவேண்டும். படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பிள்ளைகளே வாசித்துக் காட்டட்டும்.

லேப் வகுப்பில் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்காருகிறார்கள். மவுஸ் பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பழகிய கை தானாக முன்னால் போகிறது. பக்கத்தில் இருப்பவர் "நீயே பண்ணு" என்று ஒதுங்கிவிடுகிறார். வருகைப் பதிவேட்டில் மூவரும் வந்ததாக இருக்கும். கற்றவர் ஒருவர், வேடிக்கை பார்த்தவர்கள் இருவர். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் கணினியில் ஒதுங்குவது அநேகமாகப் பெண்பிள்ளைதான்.

2017-18ல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் 4.4 சதவீத வீடுகளில்தான் கணினி இருந்தது, நகரங்களில் 23.4 சதவீதம். அதன்பிறகு போன் நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தப் போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறது. போனில் வீடியோ பார்ப்பதும், கணினியில் தானே ஒன்றைச் செய்து பார்ப்பதும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமான 'காட்சித் தொடர்பு' ஸ்கிராட்ச் பற்றியது. பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகும் மென்பொருள் அது. கட்டளைக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தித் திரையில் இருக்கும் பூனையை நடக்க வைக்கவேண்டும். நடக்கவில்லை என்றால் எந்தக் கட்டம் தவறு என்று பிள்ளையே தேடவேண்டும். அந்தத் தேடல்தான் பாடம். மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம்கூட வேண்டாம். பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்க்க இந்த லேபை விட்டால் வேறு இடம் இல்லை.

ஆகவே இனி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறும். தெரிந்தவர் தெரியாதவருக்கு வாயால் சொல்லலாம், கையை நீட்டக்கூடாது. மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் லேப் திறந்திருக்கும். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கே அதில் முதல் இடம். போன் இருந்தால்தான் முடிக்கமுடியும் என்ற வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கமாட்டோம். வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு தாளிலும் வரும்.

"என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவன் ஏன் காத்திருக்கவேண்டும்?" என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவனுடைய முறை வரும்போது அவன் அளவுக்குக் கடினமான வேலை காத்திருக்கும். ஆனால் அடுத்தவருடைய பத்து நிமிடத்தை அவனுக்குத் தரமுடியாது.

பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். இந்த இடைவெளி நம் வீடுகளில்தான் தொடங்குகிறது. மகன் மாலை லேபுக்கு வருகிறான், மகள் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது அவளையும் இருக்க விடுங்கள். லேப் மூடும்வரை ஆசிரியை ஒருவர் உடன் இருப்பார். ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்தே அனுப்புவோம். மாலையில் முடியவே முடியாது என்றால் மதிய இடைவேளையில் அவளுக்கு நேரம் ஒதுக்குகிறோம். லேபே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக ஒரு கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை நிறுவுகிறோம். திரையில் உள்ளதை அது தமிழிலும் படித்துக் காட்டும். ஹெட்போன் பள்ளியிலேயே இருக்கும், வாங்கவேண்டாம்.

அப்புறம், 2011 முதல் அரசு கொடுத்துவந்த விலையில்லா மடிக்கணினி சில வீடுகளில் பரண்மேல் கிடக்கும். அண்ணனோ அக்காவோ வாங்கியது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் போட்டால் பல மடிக்கணினிகள் ஓடும். கொண்டுவாருங்கள், கணினி ஆசிரியர் பார்த்துச் சொல்வார். ஓடினால் உங்கள் பிள்ளைக்கே பயன்படும்.

இதோடு ஒரு சிறு படிவம் இருக்கிறது. வீட்டில் கணினி உண்டா, போன் யாரிடம் இருக்கும், பிள்ளைக்கு எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறோம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வகுப்பில் யார் முன்னாலும் அதை வாசிக்கமாட்டோம். வகுப்பாசிரியரும் நானும் மட்டும் பார்ப்போம். மாலை லேபுக்கான பெயர்ப்பட்டியலை அதை வைத்துத்தான் போடுகிறோம், அதனால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். நேரில் பேச விரும்பினால் எந்த நாளும் நான்கு மணிக்குமேல் வரலாம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பள்ளி தொடங்கும் முன் வாருங்கள், நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்