குண்டூசிக்கு, எட்டு மாதம் கழித்து

அன்புள்ள குண்டூசிக்கு,

திட்டாதே. எட்டு மாதமாக எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனபோதுகூடப் போனில் ரெண்டு வார்த்தை விசாரித்ததோடு சரி. இப்போது வாக்கர் இல்லாமலே நடக்கிறார்களாமே, உன் தங்கை சொன்னாள். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் பத்தாவது. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதே டிவி, அதே சோபா. விசேஷமெல்லாம் என் பக்கம்தான்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் புதுசாக்கப் போகிறார்கள். அதற்கு ஒன்பது பேர் கொண்ட குழு. அதில் 'அனைத்துத் தரப்பினரின் கருத்துகளையும் திரட்டும் பொறுப்பு' நூலகரின் தலையில், அதாவது என் தலையில். மெஸ் கமிட்டியில் நீயும் நானும் கருத்துத் திரட்டிய லட்சணம் தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த உப்புமா தீர்மானம் இன்னும் எனக்குக் கனவில் வருகிறதடி.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூகுள் ஃபார்ம். குழுவில் ஆளுக்கு நாலு கேள்வி சேர்த்து, கடைசியில் 40 கேள்வி ஆகிவிட்டது. 'தற்போதைய தளத்தின் தோற்றம் தங்களுக்குத் திருப்தியளிக்கிறதா: மிகவும், ஓரளவு, இல்லை.' மாணவர்களில் பாதிப் பேர் 'நைஸ்', 'குட்', 'நத்திங்'. ஒருவன் கேன்டீன் சப்பாத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான், உள்ளபடியே நல்ல உரைநடை. பேராசிரியர்களின் கவலையெல்லாம் வேறு: எந்தத் துறையின் பெயர் முதலில் வரவேண்டும், யார் படம் எவ்வளவு பெரிசு, கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்பு கொடுத்த தரத்தை மேலே மின்னி மின்னி ஓடவிடலாமா. ஹால் டிக்கெட் என்ற வார்த்தையை ஒருத்தர்கூட எழுதவில்லை.

அலுத்துப்போய், ஒரு திங்கட்கிழமை தேர்வுப் பிரிவு கவுன்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், அவ்வளவுதான் குறித்துக்கொண்டேன். அரியர் ரிசல்ட் வந்தாச்சா. மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன. பட்டமளிப்பு விழாவுக்கு எங்கே பணம் கட்டணும். மூன்று பஸ் மாறி ஒரு அப்பா வந்திருந்தார். மகளுடைய மார்க்ஷீட்டில் இனிஷியல் தப்பு, திருத்தும் படிவம் வேண்டும். அந்தப் படிவம் எங்கள் தளத்திலேயே இருக்கிறது! ஐந்தாவது கிளிக்கில், 'சர்க்குலர் ஃபைனல் 2' என்ற பெயரில், சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரலும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. நான் அதைத் தேடிப் பிடிக்கவே 20 நிமிடம் ஆனது. அதற்குள் கவுன்டர் அம்மா அவரிடம், "கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கு, அங்க கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். அந்தக் கடை அண்ணனிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. எந்தப் படிவம் தளத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த லிங்க் செத்துவிட்டது, எந்தச் சலானை எந்த வங்கியில் கட்டணும், எல்லாம் அதில். கட்டணம் நீல மை, கடைசித் தேதி சிவப்பு மை. கட்டணம் ஏறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டு மேலே புதுசு. ஒரு பக்கத்தில் 'இது போன்ல திறக்காது, மத்தியானம் 2 மணிக்கு மேல ட்ரை பண்ணவும்' என்று குறிப்பு. நம்ம ஹாஸ்டல் அக்காவின் பால் கணக்கு நோட்டுதான் ஞாபகம் வந்தது. எங்கள் தளத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அவரைக் குழுக் கூட்டத்துக்கு அழைக்கலாம் என்றேன். "வெளியாளை எப்படி மேடம்?" என்றார்கள். சரி என்று நோட்டை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். (அண்ணனே எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.) அதைப் பிற்சேர்க்கையாக வைப்பார்களாம். பிற்சேர்க்கையின் கதி உனக்குச் சொல்லவா வேண்டும்?

அப்புறம் இன்னொரு வேலை செய்தேன். நூலகத்தில் மிஞ்சிக் கிடந்த பழைய கேட்டலாக் கார்டுகளின் பின்பக்கத்தில், தளத்தில் உள்ள 60 விஷயங்களைக் கார்டுக்கு ஒன்றாக எழுதி மாணவர்களிடம் கொடுத்தேன். சேரவேண்டியதைச் சேர்த்து அடுக்குங்கள், அடுக்குக்குப் பெயர் வையுங்கள். இந்த அட்டை விளையாட்டுக்கு 15 பேர் போதும் என்கிறார் ஜேக்கப் நீல்சன், இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வதில் பெரிய கை. தளத்தைக் கையில் கொடுத்து வேடிக்கை பார்க்க 5 பேரே போதும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதியவர். நாங்கள் ஆயிரம் பேரிடம் 'நைஸ்' வாங்கி வைத்திருக்கிறோம்! வந்த 15 பேரில் 13 பேர் மறுமதிப்பீடு, பட்டமளிப்பு விண்ணப்பம், ஹாஸ்டல் பாக்கி மூன்றையும் ஒரே அடுக்கில் வைத்தார்கள். தலைப்பு: 'காசு கட்டறது'. எங்கள் கணக்கில் அது தேர்வாணையர், பதிவாளர், விடுதிக் காப்பாளர் என்று மூன்று அலுவலகம். "அவங்கள்லாம் யாரு மேம்?" என்றாள் ஒருத்தி. மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

எம்.ஏ. தமிழ் படிக்கிற ஒரு பையன் தினமும் நூலகத்துக்கு வருவான். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ என்ற மென்பொருளை லேப்டாப்பில் வைத்திருக்கிறான், இலவசமாகக் கிடைப்பது. அவனையும் உட்காரவைத்து, தளத்தில் போய்வரச் சொன்னேன். ஸ்கேன் செய்த சுற்றறிக்கையெல்லாம் அதற்கு வெறும் வெள்ளைத்தாள். அடுத்து, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பக்கம். பாமினியில் நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவதன் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அது 'எம் கே செமிகோலன் கே எச்' என்று வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோடு முறைக்குத் தமிழக அரசு மாறச் சொன்னது 2010இல். நாங்கள் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன்.

ரிசல்ட் பக்கம் வந்தது. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லுமே, கேப்சா. காதால் கேட்டு அடிக்க எங்கள் ஆட்கள் வழி வைக்கவில்லை. அவன் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

"இங்க வந்ததும் ரூம்மேட்டக் கூப்பிடுவேன் மேடம். என் மார்க் எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிரும். போன செமஸ்டர்ல ஒரு பேப்பர் போயிருச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அவன் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தான். அதுலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

இறுதி வருஷ ரிசல்ட் அன்றைக்கு நீ என்னைத் தள்ளிவிட்டு நோட்டீஸ் போர்டுக்குப் போய் என் நம்பரைத் தேடினாயே, ஞாபகம் இருக்கா? அதற்கு நான் உன்னோடு மூன்று நாள் பேசவில்லை.

குழுவில் இதைச் சொன்னேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009இலிருந்தே இருக்கிறது, நான் ஒன்றும் புதுசாகக் கேட்கவில்லை என்றேன். "அப்படி எத்தனை பேர் மேடம் இருப்பாங்க?" என்றார் ஒருவர். வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை, குண்டூசி. டீயைக் குடித்தேன். பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். எட்டு நாளாக அதுதான் உறுத்துகிறது.

அடுத்த கூட்டம் 14ஆம் தேதி. கேப்சாவுக்கு மாற்று வழி, படிவங்களெல்லாம் யூனிகோடில், இந்த இரண்டும் இல்லாத திட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு வம்பு என்கிறார் இவர், சோபாவிலிருந்தபடியே. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

உன்னால் ஒரு வேலை ஆகவேண்டும். உன் அக்கா மகள் எங்கள் தொலைநிலைக் கல்வியில்தானே சேர்ந்திருக்கிறாள்? இரண்டாம் வருஷக் கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது என்று அவள் போனிலேயே பார்க்கச் சொல். பக்கத்தில் உட்கார்ந்துகொள். வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம்தான், இருந்தாலும். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே 'சே' என்கிறாள், எத்தனை நிமிடத்தில் போனைக் கீழே வைக்கிறாள், இவ்வளவுதான் எழுதவேண்டியது. 12ஆம் தேதிக்குள் அனுப்பிவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். மாவடு போட்டாச்சா? போன வருஷ ஜாடி என்னிடம்தான் இருக்கிறது, தருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டடைக்குச்சி